சிங்கராஜாவுக்குக் கேட்ட சத்தம்

ஆன்லைன் துப்பாக்கி விளையாட்டில் அந்த ஐவர் அணிக்குக் கேப்டன் ஒருவன். தனக்குத் தானே வைத்துக்கொண்ட பேர் சிங்கராஜா. புதிதாகச் சேர்ந்த ஜெசிந்தா மைக்கில் வணக்கம் சொன்னதுமே, "பொம்பளையா? போய்ப் பாத்திரம் கழுவு" என்று ஆரம்பித்தவன், காது கூசுகிற வார்த்தைகளுக்குப் போய்விட்டான். கேட்டுக்கொண்டிருந்த மற்ற மூன்று மகராசன்களும் கப்சிப்.

"நீ இருக்கலாம்னு ஒருத்தன் சொல்லட்டும், விட்டுடறேன். இல்லேன்னா கிளம்பு" என்றான்.

யாரும் சொல்லவில்லை.

"சரி கேப்டன். நீங்க பேசினது சரின்னு ஒருத்தர் சொல்லட்டும், நானே போயிடறேன்" என்றாள் ஜெசிந்தா.

அதற்கும் மூவரும் மூச்சு விடவில்லை.

"டேய், யாராவது பேசுங்கடா!" என்று சிங்கராஜா கத்தினான்.

"கேக்குதா கேப்டன்? வந்ததுலேருந்து நான் கேட்டுட்டிருக்கிற சத்தம் இதுதான்."

ஆட்டம் தொடங்கியது. ஒரே அணியில் ஐந்து பேரும் தனித்தனியாக ஓடினார்கள்.