ஓடுகிற தட்டில் கை வைத்தவர்

கோவளம் பக்கம் ஒரு கடற்கரை விடுதி. ஞாயிற்றுக்கிழமை மதியம். நீச்சல் குளத்தைச் சுற்றி ஆட்டம். மேடையில் யூனிஸ் மாஸ்டரின் சீடர்கள் இரண்டு பேர், ஆளுக்கொரு இசைத்தட்டாக மாற்றி மாற்றி ‘ஹவுஸ்’ என்கிற ஆட்டப் பாட்டு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் தணிகாசலம். ரிச்சி தெருவில் பழைய ஸ்பீக்கர் வாங்கி விற்று மேலே வந்தவர். விலை பேச உட்கார்ந்தால் எதிராளிதான் இறங்கி வர வேண்டும். அவர் இறங்கியதாகச் சரித்திரமே இல்லை. மாஸ்டரைவிட வயதில் மூத்தவர்.

இன்னொருவன் பெலிக்ஸ். நிதானமான பாட்டாகப் போடுகிறவன். மாஸ்டர் மேடையோரம் உட்கார்ந்து இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவருடைய தட்டு ஓடும்போதே அடுத்தவர் தன் தட்டை ஹெட்போனில் மட்டும் கேட்டு, வேகத்தை ஒன்றாக்கி, சுருதி சேர்கிறதா என்று பார்த்து உள்ளே விட வேண்டும். ஒட்டுப் போட்ட இடம் தெரியக் கூடாது. வேகத்துக்குத் தட்டைச் சுற்றும் மெஷினில் ஒரு தள்ளுகட்டை உண்டு. அதை ஏற்றினால் தட்டு வேகமாகச் சுற்றும். கூடவே சுருதியும் ஏறிவிடும்.

பெலிக்ஸின் தட்டு ஓடிக்கொண்டிருந்தது. தணிகாசலம் அடுத்த மெஷினில் துள்ளலான ஒரு தட்டை வைத்தார். ஹெட்போனை மாட்டினார். முகத்தைச் சுளித்தார். சட்டென்று கையை நீட்டி, பெலிக்ஸின் தள்ளுகட்டையைப் பிடித்து மேலே ஏற்றினார்.

பாடிக்கொண்டிருந்த பெண்ணின் குரல் கீச்சென்று ஏறியது. அதன்மேல் தணிகாசலத்தின் பாட்டு வந்து விழுந்தது. இரண்டும் ஒன்றையொன்று கடித்தன. ஆடியவர்கள் கால் பின்னி நின்றார்கள்.

"என்னண்ணே, பூனை வாலை மிதிச்சிட்டீங்களா?" என்று குளத்திலிருந்து ஒருவன் கத்தினான்.

பெலிக்ஸ் தணிகாசலத்தின் பாட்டை அடைத்தான். தன் கட்டையைப் பழைய இடத்துக்கு இறக்கினான். ஹெட்போனைக் கழற்றி மேஜையில் எறிந்தான்.

"மாஸ்டர், இந்த ஆளோட இனிமே நிக்க மாட்டேன். ஒவ்வொரு வாரமும் இதே அராஜகம்."

விடுதிக்காரர்கள் பாட்டுப் போட ஆளை ஜோடியாகத்தான் எடுப்பார்கள். பெலிக்ஸ் போனால் தணிகாசலத்துக்கு மேடையே கிடையாது. அது அவருக்குத் தெரியும். தெரிந்ததால் கோபம் இன்னும் தலைக்கேறியது.

"போயேன்டா! மிரட்டுறியா? ரெண்டும் ஒரே சுருதின்னு வீட்லயே பார்த்து எடுத்து வச்சிட்டுத்தான் வந்திருக்கேன். உன் பாட்டு ஊர்ந்து ஊர்ந்து வருது, இழுத்து விட்டேன். மாஸ்டர், நீங்களே சொல்லுங்க. தப்பு யார் மேல?"

மாஸ்டர் பெலிக்ஸ் பக்கம் திரும்பினார்.

"பெலிக்ஸ், இன்னொண்ணு போடு. அது முடியிற வரைக்கும் பொறுத்துக்க."

"முடிஞ்சதும் கிளம்பிடுவேன் மாஸ்டர்."

"சரி. அண்ணே, செருப்பைக் கழட்டிட்டுக் கீழ இறங்குங்க."

"எதுக்கு?"

"ஆடுறதுக்கு."

"நானா?"

"பின்ன நானா?"

தணிகாசலம் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார். கூட்டத்தின் நடுவில் தூண் மாதிரி நின்றார். பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த பெருத்த மனிதர், "வாங்க சார், இங்க யாரும் மார்க் போடப் போறதில்ல" என்று நகர்ந்து இடம் விட்டார்.

முதலில் பெருவிரல் அசைந்தது. பிறகு முழங்கால். கொஞ்ச நேரத்தில் தோளும் சேர்ந்துகொண்டது. தணிகாசலம் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது பாட்டு கீச்சென்று ஏறியது.

அவர் கால் தடுமாறியது. பெருத்த மனிதரின் பாதத்தை மிதித்து, சறுக்கி, ஒரு கால் முழங்கால் வரைக்கும் குளத்துக்குள் போனது.

"எவன்டா அவன், ஓடுற பாட்டுல கையை வைக்கிறது? இங்க மனுஷங்க ஆடிட்டிருக்கறது கண்ணுக்குத் தெரியல?"

நிமிர்ந்து பார்த்தார். தள்ளுகட்டையில் மாஸ்டரின் கை இருந்தது. மாஸ்டர் அதை மெதுவாகப் பழைய இடத்துக்கு இறக்கினார்.

தணிகாசலம் தண்ணீர் சொட்டச் சொட்ட மேடைக்கு ஏறி வந்தார்.

"நல்லா ஆடிட்டிருந்தேன். ஏன் கெடுத்தீங்க?"

"உங்க பாட்டு உள்ள வரணுமே. அதான் இழுத்து விட்டேன்."

தணிகாசலம் மெஷினிலிருந்து தன் துள்ளல் தட்டை எடுத்தார்.

"சரி, ஓடுறதைத் தொடல. என் தட்டை அவன் வேகத்துக்கு இறக்கினா, இதோட சுருதியும்தான் இறங்கும். அப்பவும் சேராது. அழுது வடியும்."

"அப்போ இறக்கினதுக்கு அப்புறம் சுருதி சேர்ற தட்டா எடுங்க. பெட்டி நிறைய வச்சிருக்கீங்களே."

பெலிக்ஸின் தட்டு முடியப் போகிறது. ஊசி உள் வளையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. பெலிக்ஸ் பையைத் தோளில் மாட்டிவிட்டான்.

தணிகாசலம் தன் துள்ளல் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வேகத்தையும் நானே இறக்கணும். பாட்டையும் நானே மாத்தணும். ஏன் மாஸ்டர், எல்லாத்துக்கும் நானே இறங்கி வரணுமா? அவன் ஒரு தடவை ஏறி வந்தா என்ன?"

"அவன் பாட்டு ஓடிட்டிருக்குண்ணே. இப்போ வர்றது நீங்க."

தணிகாசலம் துள்ளல் தட்டை உறையில் போட்டார். பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டு வேறொன்றைத் தேடினார்.

பெலிக்ஸ் பையைக் கீழே வைத்தான்.