பொரி தின்ற பிரின்டர்

படு. காலை நீட்டு. கதை வேணும்னா நடுநடுவுல "ம்" கொட்டணும். கேள்வி கேட்டா நிறுத்திடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு பிரின்டர் இருந்துச்சு.

ராஜா இல்லை. ராட்சசன் இல்லை. பிரின்டர்தான். பிடிக்கலைன்னா தூங்கு. பிடிச்சா "ம்" சொல்லு.

ம்.

அது சிந்தாமணி வீட்டுப் பிரின்டர். சிந்தாமணி டியூஷன் எடுக்கிறவ. பிள்ளைங்களுக்குக் கேள்வித்தாள் அடிக்க வாங்கினது. வீட்டுல அவளோட அவ அம்மா பாவாத்தா, அப்பா மாரிச்சாமி. மாரிச்சாமி முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர். இப்போ மறதி. சும்மா மறதி இல்லை. வீட்டு வழி மறந்துச்சு. பெத்த பொண்ணு பேரு மறந்துச்சு. கடைசியில தன் பேரும் மறந்துபோச்சு. ஆனா மனுஷனுக்கு ஈர மனசு. அது மறக்கலை.

அப்போ ஆயுத பூஜை வந்துச்சு. பாவாத்தா மிக்ஸிக்குச் சந்தனம் வச்சா. தையல் மெஷினுக்கு வச்சா. கேஸ் அடுப்புக்கு வச்சா. பிரின்டர் மூடியைத் திறந்து, உள்ளேயும் விரலை விட்டு ஒரு பொட்டு வச்சா. செவ்வந்திப் பூ ஒண்ணு மேல. பூஜை முடிஞ்சுது. மாரிச்சாமி பொரித்தட்டைத் தூக்கிட்டு ஒவ்வொண்ணுக்கா படைச்சுட்டு வந்தார். மிக்ஸிக்கு மேல ஒரு பிடி. தையல் மெஷினுக்கு மேல ஒரு பிடி. பிரின்டர்கிட்ட வந்தார். பின்னாடி காகிதம் வைக்கிற இடம் "ஆ"ன்னு திறந்திருந்துச்சு.

"அட, இதுக்கு வாய் இருக்கே! பாவம், எத்தனை நாள் பட்டினியோ"ன்னார்.

ஒரு பிடி பொரியை அள்ளி வாய்க்குள்ள போட்டார். சலசலசல. யாரும் பாக்கலை.

ம் சொன்னியா? சரி.

மறுநாள் விஜயதசமி. காலையில எட்டு மணி. மாரிச்சாமியைக் காணோம்.

தெருவுல தேடினாங்க. கோயில்ல தேடினாங்க. பஸ் ஸ்டாண்டுல தேடினாங்க. எங்கயும் இல்லை. பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர், வண்டி வர்ற நேரம் போற நேரம் எழுதுறவர், சிந்தாமணியைக் கூப்பிட்டார்.

"இங்க பாரும்மா. பதினோரு மணிக்கு மேல லீவுக் கூட்டம். வண்டி வரிசையா கிளம்பும். பழைய டிரைவர், பஸ்ஸைப் பாத்தா ஏறாம இருக்க மாட்டாரு. ஏறிட்டாருன்னா மதுரையா, பெங்களூரா, எங்கன்னு தேடுவ? பேரே சொல்லத் தெரியாதவரை?"

"போட்டோ போன்ல இருக்குங்க. அனுப்பட்டுமா?"

"முப்பது கண்டக்டர் நம்பர் எங்கிட்ட ஏது? காகிதத்துல முகத்தைக் கொண்டா. ஆளுக்கு ஒண்ணு கையில திணிச்சிடறேன். பதினோரு மணிக்குள்ள."

ஜெராக்ஸ் கடைக்கு ஓடினா. பூட்டு. கதவுல வாழைக்கன்று மட்டும் ஆடுது. கம்ப்யூட்டர் சென்டருக்கு ஓடினா. அங்கயும் பூட்டு. லீவு. அப்போ நெனப்பு வந்துச்சு. வீட்டுல இருக்கே!

ஓடினா. "காணவில்லை"ன்னு அடிச்சா. கீழ அப்பா படம். அதுக்குக் கீழ போன் நம்பர். பிரின்ட் கொடுத்தா.

கர்ர்ர்... கர்ர்ர்... கறக். நின்னுபோச்சு. சிவப்பு விளக்கு மினுக் மினுக்.

"என்னடி சொல்லுது?"ன்னு பாவாத்தா கேட்டா.

"காகிதம் மாட்டிக்கிச்சாம்மா."

"பிடிச்சு இழு!"

அவசரம். சிந்தாமணி முன்னாடி இருந்து வெடுக்குன்னு இழுத்தா. சர்ரக்! பாதி கையில. பாதி உள்ள. அவசரப்பட்டா இதுதான். எனக்கே கோபம் வருது.

மணி ஒன்பதரை.

அவ மூச்சு விட்டா. கரண்டை நிறுத்தினா. பிளக்கைப் பிடுங்கினா. பின்பக்க மூடியைக் கழட்டினா. கிழிஞ்ச காகிதம் ஓரம் தெரிஞ்சுது. இப்போ இழுக்கலை. ரெண்டு கையாலயும் பிடிச்சா. காகிதம் எந்தப் பக்கமா போகுமோ அந்தப் பக்கமாவே, மெள்ள, மெள்ள, தூங்குற குழந்தை அடியில இருந்து துணியை உருவுற மாதிரி உருவினா. முழுசா வந்துச்சு. ஒரு துண்டு உள்ள தங்கலை. கிழிஞ்ச ரெண்டையும் ஒட்டி வச்சுப் பாத்துக்கிட்டா. சரியா இருந்துச்சு.

பிளக்கைச் சொருகினா. பிரின்ட் கொடுத்தா.

கறக். கறக். டமார்! டமார்!

"ஐயோ, உள்ள என்னமோ முட்டுதுடி!"

நீ தூங்கிட்டியா? இல்லையா? அப்போ "ம்" எங்க?

ம்.

திரும்பவும் பிளக்கைப் பிடுங்கினா. மேல் மூடியைத் தூக்கினா. போன்ல டார்ச்சைப் போட்டுப் பாத்தா. ரோலர் இடுக்குல வெள்ளை வெள்ளையா என்னமோ.

"அம்மா... பொரி!"

பாவாத்தா எட்டிப் பாத்தா. "பொரியா? பொரி எப்படிடி உள்ள போச்சு?"

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தாங்க. யாரு போட்டிருப்பாங்கன்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுது. பாவாத்தாவுக்குச் சிரிப்பு வந்துச்சு, அப்புறம் அழுகை வந்துச்சு. ரெண்டும் ஒண்ணா.

"கவுத்துத் தட்டிடலாம் கண்ணு. முறத்துல தட்டற மாதிரி."

"தொடாதீங்கம்மா! மை கொட்டிடும்! அப்புறம் அப்பா முகம் வராது, நம்ம முகம்தான் கறுப்பாகும்."

புருவம் எடுக்கிற இடுக்கியைக் கொண்டு வந்தா. ஒண்ணு எடுத்தா. ரெண்டு எடுத்தா. சில பொரி நொறுங்கி மாவாயிருந்துச்சு. அதைச் சின்னப் பிரஷ்ஷால கூட்டினா. ஒரு பொட்டுக்கடலை ரோலர் பல்லுல உக்காந்திருந்துச்சு. அதுதான் காகிதத்தைப் பிடிச்சு வச்ச முதல் கள்ளன். டிக். எடுத்தாச்சு. செவ்வந்தி இதழ் ஒண்ணு. அதையும் எடுத்தா.

முட்டினது யாரு? அது வேற கதை. பிரின்டர் உள்ள ஒரு தலை உண்டு. ஹெட்டும்பாங்க. அதுதான் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடி ஓடி எழுதுறது. அது ஓடுற வழியில குறுக்கே ஒரு நாடா கட்டியிருக்கும். கண்ணாடி மாதிரி இருக்கும். அந்த நாடாவுல கோடு. கண்ணுக்குத் தெரியாத கோடு, ஆயிரக்கணக்குல. அந்தக் கோட்டை எண்ணி எண்ணித்தான் ஹெட்டு, நான் இங்க இருக்கேன், இப்போ இங்க வந்துட்டேன்னு தெரிஞ்சுக்கும். அந்த நாடாவுல ஒட்டியிருந்துச்சு பாவாத்தா வச்ச சந்தனப் பொட்டு. காஞ்சு, கெட்டியா.

"கோடு தெரியலைம்மா இதுக்கு. எங்க நிக்கிறோம்னு தெரியாம சுவத்துல போய் முட்டுது."

பாவாத்தா முந்தானை நுனியை நனைச்சு அவளே குனிஞ்சா. அழுத்தலை, தேய்க்கலை. அவர் கண்ணுல தூசி விழுந்தா எடுப்பாளே, அப்படி ஒத்தி ஒத்தி எடுத்தா. நாடா பளபளன்னு ஆச்சு.

மணி பத்து தாண்டிருச்சு. சிந்தாமணி பிளக்கைச் சொருகினா.

பிரின்ட் கொடுத்தா. சர்ர்... சர்ர்... காகிதம் நகருது! வந்துச்சு! வெளியில வந்து விழுந்துச்சு!

பாவாத்தா அதை எடுத்துப் பாத்து அலறினா.

அப்பா முகம் பச்சை. பாசி பிடிச்ச கல்லு மாதிரி பச்சை. நெத்தியில வெள்ளை வெள்ளையா வரி. உதடே இல்லை.

"இதை ஒட்டினா இவரைத் தேட மாட்டாங்கடி. பேய் ஓட்டறவனைத் தேடுவாங்க."

சிரிக்காதே. தூங்குற நேரம்.

கேளு இப்போ. அந்த ஹெட்டுக்கு அடியில என்ன இருக்கு? துளை. நூத்துக்கணக்குல துளை. உன் தலைமுடி ஒண்ணை எடுத்து நுழைச்சுப் பாரு, நுழையாது. அவ்வளவு சின்னது. ஒவ்வொரு துளையும் மையைத் துப்பும். நீ ஒரு "ம்" சொல்ற நேரத்துக்குள்ள ஆயிரம் தடவை துப்பும், அதுக்கும் மேல துப்பும். அந்தச் சொட்டு காத்துல பறக்கிறதை எந்தக் கண்ணாலயும் பாக்க முடியாது. மை எத்தனை? நாலு. கறுப்பு, நீலம், மஞ்சள், ரோஸ். நாலே நாலு. அந்த நாலை வச்சுக்கிட்டு அது மனுஷன் முகத்தைச் செய்யுது. நரை, சுருக்கம், கண்ணுல நிக்கிற ஈரம், எல்லாம் அந்த நாலுதான். இதை நெனச்சுப் பாத்தா எனக்கு இன்னும் புல்லரிக்கும். யாரு உக்காந்து யோசிச்சானோ.

ம்.

காலாண்டு லீவு. பத்து நாளா பிரின்டரைத் தொடலை. ரோஸ் மை துளையிலயே காஞ்சு அடைச்சுக்கிச்சு. ரோஸ் இல்லைன்னா மனுஷத் தோலு ஏது? பச்சைதான்.

கம்ப்யூட்டர்ல "ஹெட் கிளீனிங்"னு ஒண்ணு இருக்கும். அதை அழுத்தினா. விர்ர்ர்... குழுக் குழுக். அடிச்சுப் பாத்தா. பச்சை. ரெண்டாவது தடவை. விர்ர்ர். பச்சை. மூணாவது தடவை. பச்சை. அதுக்கு மேல அழுத்தலை. அழுத்தினா மைதான் வீணாகும், மை தீந்துட்டா எல்லாம் தீந்துச்சு.

"அம்மா, கொதிச்சு ஆறின தண்ணி இருக்கா?"

"இருக்கு. வெதுவெதுன்னு இருக்கு."

நூல் உதிராத துணி ஒண்ணு, கண்ணாடி துடைக்கிறது. அதை மடிச்சு, நனைச்சு, பிழிஞ்சா. பிளக்கைப் பிடுங்கிட்டு ஹெட்டைக் கையால மெள்ள நகர்த்தினா. துணியை அடியில விரிச்சா. ஹெட்டை அது மேல கொண்டாந்து நிறுத்தினா.

"இனி?"

"பத்து நிமிஷம் ஊறணும்."

"பத்து நிமிஷமா! அவரு வெயில்ல நிக்கிறாருடி!"

"தெரியுதும்மா. ஆனா சுரண்டினா துளை செத்துடும்."

பத்து நிமிஷம். நீ அந்தப் பத்து நிமிஷம் உக்காந்திருந்தா தெரியும். பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து ஹாரன் கேக்குது. பாம்... பாம்... ஒவ்வொரு ஹாரனுக்கும் பாவாத்தா எழுந்து வாசலுக்குப் போறா, வர்றா. சிந்தாமணி கடிகாரத்தையே பாக்கறா. கையை மட்டும் நீட்டலை. சில வேலைக்குச் சும்மா இருக்கிறதுதான் வேலை.

அப்புறம் துணியை உருவினா. நடுவுல, ரோஸ். ஒரு கோடு. உறைஞ்ச ரத்தம் இளகி ஓடின மாதிரி ஒரு கோடு.

பிளக். ஒரு தடவை கிளீனிங். விர்ர்ர்... பிரின்ட்.

மூச்சுக்கூட விடலை ரெண்டு பேரும்.

சர்ர்... சர்ர்... சர்ர்... "காணவில்லை"ன்னு எழுத்து வந்துச்சு. அப்புறம் ஒரு வெள்ளை இடைவெளி. அப்புறம் நரைமுடி, நூலளவு.

"தலை தெரியுதுடி!"ன்னு கத்தினா பாவாத்தா. பிள்ளை பெத்தவ இல்லையா, வேற வார்த்தை வரலை அவளுக்கு. "வரட்டும், வரட்டும், இழுக்காதே, தானா வரட்டும்!"

சர்ர்... நெத்தி வந்துச்சு. சர்ர்... புருவம் வந்துச்சு. சர்ர்... ரெண்டு கண்ணும் வந்து அவளைப் பாத்துச்சு. மூக்கு, மீசை, உதடு. மண்ணு நிறம், வெயில் பட்ட நிறம், அவர் நிறம். அரை நிமிஷம். ஒரு வெறும் காகிதத்துல இல்லாத மனுஷன் வந்து நிக்கிறார். பாவாத்தா பிரின்டரைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. நேத்து பூஜையில அப்படிக் கும்பிடலை அவ.

முப்பது காகிதம். மணி பத்து ஐம்பது. மை ஈரம் காயலை. விசிறிக்கிட்டே ஓடினாங்க.

டைம் கீப்பர் சொன்ன சொல் காப்பாத்தினார். கண்டக்டர் கையில ஒண்ணு, தூண்ல ஒண்ணு, டீக்கடைக் கண்ணாடி டப்பா மேல ஒண்ணு. முதல் வண்டி கிளம்புச்சு. ரெண்டாவது கிளம்புச்சு. அம்மாவும் பொண்ணும் ஆளுக்கொரு பக்கம் தேடறாங்க. ஜனம் நெல்லுப்பொட்டி கவுந்த மாதிரி. எங்கன்னு தேடறது?

அப்போ, கடைசி பிளாட்பாரத்துல, ஒரு பெரியவர் நடந்து வந்தார். தூண்ல ஒட்டின காகிதத்துக்கு முன்னாடி நின்னார். பாத்தார். ரொம்ப நேரம் பாத்தார். மெள்ள, கிழியாம, அதை உரிச்சு எடுத்தார். டீக்கடைக்குப் போனார்.

"மாஸ்டர், இந்த ஆளைக் காணோமாம். நீங்க பாத்தீங்களா?"

டீ மாஸ்டர் காகிதத்தைப் பாத்தார். ஆளைப் பாத்தார். மறுபடி காகிதத்தைப் பாத்தார். ஆத்திக்கிட்டிருந்த டீ அப்படியே அந்தரத்துல நின்னுச்சு.

"பாவம்ங்க. வயசான மனுஷன். அவங்க வீட்டுல எப்படித் துடிப்பாங்க? நான் ஒவ்வொரு பஸ்ஸா ஏறிக் கேட்டுட்டு வர்றேன்."

மாஸ்டர் சிரிக்கலை. அதுக்கு ஒரு மனசு வேணும். "தேடலாமுங்கய்யா. முதல்ல உக்காந்து ஒரு டீ குடிங்க. நானும் கூட வர்றேன்"ன்னார். ஒரு கையால டீயைக் கொடுத்தார், இன்னொரு கையால காகிதத்துல இருந்த நம்பருக்குப் போன் போட்டார்.

ரெண்டு பேரும் ஓடி வந்தாங்க. சிந்தாமணி அங்கயே குத்துக்கால் வச்சு உக்காந்துட்டா. பாவாத்தா மட்டும் கிட்டப் போனா.

மாரிச்சாமி எழுந்தார். மரியாதையா காகிதத்தை நீட்டினார்.

"அம்மிணி, இவரைத் தேடிட்டு இருக்கேன். எங்கயாச்சும் பாத்தீங்களா?"

பாவாத்தா காகிதத்தைப் பாத்தா. அவரைப் பாத்தா. முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டா.

"பாத்தேனுங்க. எங்க வீட்டுலதான் இருக்காரு. வாங்க, காட்டறேன்."

"அப்பாடா"ன்னார் மாரிச்சாமி. காகிதத்தை நாலா மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு, அவ பின்னாடியே நடந்தார்.

அப்புறமா? அப்புறம் என்ன அப்புறம். வீடு வந்து சேந்தாங்க. கதையும் வந்து சேந்தாச்சு. விளக்கை அணைக்கிறேன். கண்ணை மூடு.