செங்காட்டு அரண்மனையில் வெக்கை இல்லை

செங்காட்டுச் சீமை எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். சித்திரை மத்தியானத்தில் காக்கை வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் ஊர். இந்தக் கதைக்கு அது போதும்.

அந்தச் சீமையின் ராஜா மகுடவர்மர் மலைநாட்டில் பெண் எடுத்தார். கல்யாணத்துக்குப் போன இடத்தில் மாமனாரின் அரண்மனையைப் பார்த்து அசந்துபோனார். மேற்கே பார்த்து ஆளுயரக் கண்ணாடிச் சாளரங்கள், வழுவழுவென்று கருங்கல் தரை. சாயங்கால வெயில் உள்ளே வந்து கல்லில் ஏறிக்கொண்டால் விடியவிடிய அறை கதகதப்பாக இருக்கும். மலைக்குளிருக்கு அது சொர்க்கம்தான். ஊர் திரும்பியதும், அதே மாதிரி எனக்கும் வேண்டும், ஒரு கல் மாறக்கூடாது என்றார். ஒரு கல்லும் மாறவில்லை. குளிர்காயும் அடுப்பைக்கூடச் சுவரில் வைத்துக் கட்டினார்கள். செங்காட்டில், ஐயா, செங்காட்டில்.

அஸ்திவாரம் தோண்டும்போதே கொத்தனார் சுடலையாண்டி எடுத்துச் சொன்னார். மண்சுவர் எழுப்புவதில் கைகாரர். பூசிமெழுகத் தெரியாத மனுஷன்.

"மலையில வெயிலைப் பிடிச்சு உள்ளே வைக்கணும், மகாராஜா. நம்ம ஊர்ல அதை வாசலோட விரட்டணும். மேற்கே சாளரமே வேண்டாம். செம்மண்ணையும் வைக்கோலையும் மிதிச்சு ரெண்டு முழக் கனத்துக்குச் சுவர் வைப்போம். பனையோலையை நல்லா இறக்கி வேய்ஞ்சா சுவர் நிழல்லயே நிக்கும். தெற்குக் காத்து உள்ளே வந்து வடக்கே போக வழி விட்டாப் போதும்."

மண் வீட்டில் ராஜாவா என்று பிரதானி சங்கரலிங்கம் விழுந்துவிழுந்து சிரித்தார். ராஜாவுக்கும் ரோஷம் வந்துவிட்டது. அரண்மனை எழும்பியது.

கத்தரி வெயில் தொடங்கிய அன்று புது அரண்மனையில் சபை கூடியது. எப்படி இருக்கிறது என்று ராஜா கேட்டார். கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே பிரதானி, கம்பளி போர்த்திக்கொள்ளலாம் போல அத்தனை குளுமை என்றார். மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். சுடலையாண்டி மட்டும், வெக்கை தாங்கவில்லை என்றார். அந்த நிமிஷமே ஒரு சட்டம் பிறந்தது. அரண்மனையில் வெக்கை என்று சொன்னவர், சொன்னதை வாபஸ் வாங்கும்வரை சிறையில் இருக்க வேண்டும்.

சிறை கோட்டையின் தென்கோடியில் இருந்தது. திருடனுக்கு யார் கல்லும் கண்ணாடியும் வாங்கிப் போடுவார்கள்? செம்மண் சுவர், பனையோலைக் கூரை, சுற்றி நாலு வேப்பமரம். கட்டியதும் சுடலையாண்டிதான்.

பத்து நாள் கழித்துச் சிறைக்காவலன் வந்து, கைதி மத்தியானமானால் குறட்டை விட்டுத் தூங்குகிறார் என்று சொன்னான். பத்து நாளாகக் கண் மூடாத ராஜாவுக்கு அதைக் கேட்டதும் வயிறு எரிந்தது. சுடலையாண்டியைச் சபைக்கு இழுத்துவரச் சொன்னார். இதைவிடக் கடுமையான தண்டனை என்ன இருக்கிறது என்று கேட்டார். வலது கட்டைவிரலை வெட்டலாம் என்றார் பிரதானி. ராஜாவும் சரியென்று தலையை ஆட்டிவிட்டார். விரல் போனால் கொத்தனார் கரண்டி பிடிப்பது எப்படி? வீட்டில் நாலு பிள்ளைகள். சுடலையாண்டி பயந்துபோய் அந்த விரலை இடது கைக்குள் பொத்திக்கொண்டார்.

அப்போதுதான் பேச்சிமுத்து எழுந்தார். சபையில் வம்பு பேசவே சம்பளம் வாங்குகிறவர்.

"விரல் போனால் நாலு நாள் வலி, மகாராஜா. அதைவிடக் கொடுமை இருக்கிறது. இவரை ஒரு பகல் உங்கள் பள்ளியறையில் அடையுங்கள்."

ராஜா முறைத்தார். "என் அரண்மனை வெக்கை என்கிறாயா?"

"அந்த வார்த்தை என் வாயில் வருமா? குளுமை, மகாராஜா. கம்பளி கேட்கும் குளுமை என்று பிரதானியே சொன்னார். கம்பளி இல்லாமல் அடைத்தால் ஆள் விறைத்துப்போவார். நடுங்கினால் விரலை எடுங்கள். பிரதானி கூடவே இருந்து சாட்சி சொல்லட்டும். வயசானவர், பாவம், அவருக்கு மட்டும் இரண்டு கம்பளி கொடுங்கள். சுவர் அடுப்பையும் மூட்டிவிடலாம்."

ராஜா சரி என்றார். தலைப்பாகை, பட்டு அங்கி, அதற்கு மேல் இரண்டு கம்பளி என்று பிரதானியை அடுப்போரம் உட்கார வைத்தார்கள். சுடலையாண்டி மேல்துண்டைக் கழற்றிவிட்டு வடக்குச் சுவரோரமாகச் சாய்ந்துகொண்டார். வெளியே ராஜாவும் சபையும் காத்திருந்தார்கள்.

உச்சிவேளை எப்படியோ கழிந்தது. வெயில் மேற்கே திரும்பிக் கண்ணாடியில் விழுந்ததும் கதவு தடதடவென்று அதிர்ந்தது.

"வெக்கை, மகாராஜா, வெக்கை. வாபஸ் வாங்கவே மாட்டேன். என்னைச் சிறையில் போடுங்கள்."

ஒன்பது தடவை சொன்னார் பிரதானி, காவலன் எண்ணினான். கதவைத் திறந்ததும் பிரதானி கம்பளியை உதறிவிட்டுத் தானாகவே சிறைப்பக்கம் ஓடினார். காவலன்தான் பின்னால் ஓட வேண்டியிருந்தது. சுடலையாண்டி சொட்டச்சொட்ட வேர்த்துப்போய் வெளியே வந்தார். நடுக்கம் இல்லை. விரல் பிழைத்தது. பத்து விரலையும் கூப்பிப் பேச்சிமுத்துவைக் கும்பிட்டார், கண் கலங்கிவிட்டது.

ராஜா முதலில் சிரித்தார். கொத்தனாருக்கு விடுதலை என்றார். பேச்சிமுத்துவுக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தார். பிறகு சுடலையாண்டியைக் கிட்டே கூப்பிட்டு, எனக்கு ஒரு மண் வீடு கட்ட எவ்வளவு நாளாகும் என்று கேட்டார்.

"மண்ணுச் சுவர் படைபடையாக் காயணும், ஒரு படை காஞ்சாத்தான் அதுக்கு மேல அடுத்தது. ஆறு மாசம் ஆகும், மகாராஜா."

ராஜா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அதுவரைக்கும் நான் எங்கேயப்பா தூங்குவது?"

பேச்சிமுத்து குனிந்து காதோடு சொன்னார். "வெக்கை என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள், மகாராஜா. மீதியை உங்கள் சட்டமே பார்த்துக்கொள்ளும்."