வெள்ளியின் முகம் கறுத்த கதை

கல்லுக்கும் பொன்னுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், வெள்ளி கறுக்கவே கறுக்காது. எத்தனை வருஷம் பெட்டிக்குள் கிடந்தாலும் பளிச்சென்று இருக்கும். அதில் அதற்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, சொன்னால் என்ன? ஆனால் தங்கத்துக்கு இருந்த திமிருக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை. அந்தத் தங்கத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு நாள், உலகம்மை என்ற ஆடு மேய்க்கிறவளின் கூரையைப் பொத்துக்கொண்டு வானத்திலிருந்து ஒரு கல் விழுந்தது. ஓலையெல்லாம் எரிந்து சாம்பலாயிற்று. நடுவில் கன்னங்கரேலென்று கிடந்தது விண்கல். அதைத் தூக்கி எறியப் போனாள் உலகம்மை.

"எறிஞ்சிராத தாயி! எனக்குள்ள இருக்கிறது இரும்பு. இந்தக் காத்து பட்டா துருப்பிடிச்சு உதிர்ந்துருவேன். யாராவது என்னைச் சுத்திக் கட்டிப் பிடிச்சாதான் பிழைப்பேன்" என்றது கல்.

"வீட்டை எரிச்சுட்டு உறவு கொண்டாட வாரியோ?" என்று சத்தம் போட்டாள் உலகம்மை. ஆனாலும் அதன் ஓரத்தில் துரு பூத்து உதிர்வதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. சாம்பலோடு சேர்த்து முந்தானையில் முடிந்துகொண்டு, நகை செய்யும் இசக்கிமுத்துப் பத்தரின் பட்டறைக்கு ஓடினாள்.

பத்தரின் பலகையில் தங்கம், வெள்ளி, மாணிக்கம், நீலக்கல் எல்லாம் உட்கார்ந்திருந்தன. அப்போதெல்லாம் எந்தக் கல்லை எதில் பதிப்பது என்று பத்தர் மட்டும் முடிவு செய்ய முடியாது. அவையும் சம்மதிக்க வேண்டும். உலகம்மை விண்கல்லை மட்டும் எடுத்துப் பலகையில் வைத்து, நடந்ததைச் சொன்னாள்.

"தங்கம், நீதான் மனசு வைக்கணும்" என்று பத்தர் கெஞ்சினார்.

"இந்தக் கரிக்கட்டையவா?" என்று சிரித்தது தங்கம். "இது என்ன குலமோ, என்ன கோத்திரமோ! வானத்துலயே இடம் இல்லாம தள்ளிவிட்டதை நான் மடியில வைக்கணுமா? தூ!"

மாணிக்கம் ஒத்து ஊதியது. "கல்லுல ஒரு கரும்புள்ளி இருந்தாலே தோஷம். இது முழுக்கப் புள்ளில்லா!"

விண்கல்லிலிருந்து ஒரு துருப்பொருக்கு உதிர்ந்து பலகையில் விழுந்தது.

"உங்க கண்ணு முன்னாலதான உதிருது? கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கத்தினாள் உலகம்மை.

தங்கம் அவளைக் கண்டுகொள்ளவே இல்லை. வெள்ளியைப் பார்த்து, "நீ ஏதும் பெரிய மனசு பண்ணிராத. அதைத் தொட்டா முகம் கறுத்துப் போவ" என்றது.

வெள்ளிக்கும் பயம்தான். அந்தப் பளபளப்பை விட்டால் அதனிடம் வேறு என்ன இருந்தது? ஆனால் உதிர்ந்து கிடந்த பொருக்கைப் பார்த்தது. அவ்வளவுதான், அடுப்பே இல்லாமல் கொதித்துவிட்டது.

"கறுத்தா கறுக்கட்டும் போ! உன் மினுமினுப்பை நீயே வச்சுக் கும்பிடு!" என்று உருகிப் பாய்ந்து, விண்கல்லைச் சுற்றி இறுகக் கட்டிக்கொண்டது.

உடனே நீலக்கல்லும் உருண்டு வந்தது. "நானும் வாரேன். ஆகுமா ஆகாதான்னு தலையணைக்கடியில வச்சுச் சோதிச்சுப் பார்த்துட்டுத்தான என்னைத் தொடுதாங்க? சந்தேகப்பட்டே என் உசிரை வாங்கிட்டாங்க. தள்ளி உக்காரு, விண்கல்லே!"

பத்தர் மளமளவென்று மூன்றையும் சேர்த்து ஒரு மோதிரமாக அடித்தார். துரு நின்றது. விண்கல் பிழைத்தது. ஆனால் வெள்ளியின் கோபம் அடங்கவில்லை. முகம் கறுத்துக்கொண்டே போனது.

"நான்தான் அப்பவே சொன்னேனே!" என்றது தங்கம்.

"கல்லைத் தொட்டதால இல்ல. உன் மூஞ்சியைப் பார்க்கப் பார்க்கத்தான் கறுக்குது" என்றது வெள்ளி.

உலகம்மை முந்தானையை அவிழ்த்தாள். வீடு எரிந்த சாம்பலைத் தொட்டு வெள்ளியைத் தேய்த்தாள். "போதும் என் ராசாத்தி, அதுகிட்ட என்ன பேச்சு?" என்று தேய்க்கத் தேய்க்க வெள்ளி மெல்லச் சிரித்தது. அவள் மோதிரத்தை விரலில் போட்டுக்கொண்டு, கூரை இல்லாத வீட்டுக்கு நடந்தாள்.

அன்று முதல்தான் வெள்ளி கறுக்கிறது, சாம்பல் தொட்டுத் தேய்த்தால் கோபம் ஆறி வெளுக்கிறது. வெளுத்ததைப் பெட்டியில் வைத்துப் பாருங்கள், மறுபடியும் கறுக்கும். பின்னே? தங்கம் இன்னும் அந்தக் கல்லிடம் மன்னிப்புக் கேட்கவில்லையே!