சாக்குருவியை விரட்டியவர்

மலையடிவாரக் குடிலில் இருந்த குருவுக்கு முப்பது வயதுதான். சீடர் சேந்தனுக்கு அறுபது ஆகப்போகிறது. மகள் வயதுப் பெண்ணைப் போய்த் 'தாயே' என்று கும்பிடுகிறாரே என்று ஊரில் சிரிப்பார்கள். சேந்தன் அதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அன்று அவர் வந்த வேகமே சரியில்லை.

“தாயே, கோமு படுத்த படுக்கையா கிடக்கா. வீட்டுக்குப் பின்னால மருத மரத்துல சாக்குருவி வந்து கத்துது.”

காட்டு ஆந்தைக்கு அந்த ஊரில் அதுதான் பெயர்.

“கத்தினா என்ன?”

“அது கத்தின வீட்டுல உசுரு போகும். வீட்டு ஆம்பளை ஊர் எல்லை தாண்டி அதை விரட்டிட்டா, சாவும் அதோட போயிடும். எங்க ஊர் வழக்கம்.”

“எலி பிடிக்க வந்திருக்கும். நீங்க வீட்டுக்குப் போய் அவங்க பக்கத்துல இருங்க.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

சேந்தனுக்கு எரிச்சலாக வந்தது. பெண்டாட்டியைக் காப்பாற்ற வழி கேட்டால் எலிக்கதை சொல்கிறார்களே என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அந்தி சாய்ந்ததும் தகர டப்பாவும் குச்சியுமாகக் கிளம்பினார். ஆந்தை மருத மரத்திலிருந்து தேக்குக்குப் போனது, தேக்கிலிருந்து மூங்கில் புதருக்கு. அவர் நெருங்கும்வரை உட்கார்ந்திருக்கும், நெருங்கியதும் பறந்துவிடும். முள் காலைக் கிழித்தது. ஓடையைத் தாண்டி, எல்லைக்கல்லையும் தாண்டி விரட்டிவிட்டுத்தான் திரும்பினார். வழியெல்லாம் அவருக்குச் சந்தோஷம்.

வாசலில் கூட்டம் நின்றது. கோமு போய்விட்டிருந்தாள்.

காரியமெல்லாம் முடிந்து சேந்தன் மறுபடி குடிலுக்கு வந்தார். கோபமாகவே வந்தார்.

“எல்லை தாண்டி விரட்டினேன், தாயே. அது மலைக்கு அந்தப் பக்கம் போனதை என் கண்ணால பாத்தேன். அப்புறமும் ஏன் செத்தா?”

குரு கஞ்சி ஊற்றிக் கொடுத்தார். அவர் குடிக்கும்வரை காத்திருந்தார்.

“அது எப்படிக் கத்திச்சு?”

சேந்தன் கத்திக் காட்டினார். மருத மரத்தில் ஒரு மாதிரி, மூங்கிலில் ஒரு மாதிரி, எல்லையில் கடைசியாகக் கத்தியது வேறு மாதிரி. அச்சு அசலாக இருந்தது. வெளியே காக்கைகள் கலைந்து பறந்தன.

குருவின் கண் கலங்கியது.

“கோமு கடைசியா என்ன சொன்னாங்க?”

சேந்தன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை.