ஊசிமுனைக் குறுவாள்

பாளையங்கோட்டையில் ஒரு செல்போன் கடை மாடியில் ரிஸ்வானா வீடியோ கேம் சொல்லிக்கொடுத்தாள். வயது இருபத்திரண்டு. அவளிடம் வந்து சேர்ந்த சீடருக்கோ ஐம்பத்தொன்று. பெயர் வேதமாணிக்கம், பிளஸ் டூ கணக்கு வாத்தியார். அவரைச் சேர்த்துக்கொண்ட நாளை அவள் தினமும் நொந்துகொண்டாள்.

அவர் மகள் ஜெர்லின் இரண்டு மாதமாக அவரோடு பேசவில்லை. கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் ஒரு துண்டுச் சீட்டு எழுதி நீட்டினாள். 'ஏழு கோட்டை கேம் நாலாம் பாகத்துச் சூனியக்காரியை ஜெயிச்சுட்டு வாங்க. பிறகு பேசுதேன்.'

பாவம் மனிதர், முதல் பாகத்திலிருந்தே ஆடிப் பழகினார். இப்போது அந்தச் சூனியக்காரியிடம் இருபத்துமூன்றாம் முறை செத்திருந்தார்.

"தொள்ளாயிரம் பலமுள்ள வாள் வச்சிருக்கேன். ஓங்க விடுதாளா பாரு!"

"ஊசிமுனை எங்க சார்?"

"எது?"

"ரெண்டாவது ஊர்ல ஒரு குறுவாள் குடுத்தாங்கள்லா?"

"அதுவா? பலம் வெறும் நாலு. தூக்கிப் போட்டுட்டேன். முந்தின மூணு பாகத்துலயும் அப்படித்தான். ஒவ்வொரு பாகத்துலயும் அந்தப் பல்குச்சியை எதுக்குக் கொண்டாந்து தாராங்க?"

"அதுக்குக் கீழ எழுதியிருந்ததைப் படிச்சீங்களா?"

"படிக்க என்னம்மா இருக்கு? நாலு பெரிசா, தொள்ளாயிரம் பெரிசான்னு எனக்கே பாடமா?"

ரிஸ்வானா தலையில் கைவைத்துக்கொண்டாள். மூன்று பாகம்! ஒரு வரி படிக்கவில்லையே இந்த மனிதர்!

சேமித்து வைத்திருந்த பழைய பதிவுக்குப் போய் இரண்டாவது ஊரிலிருந்து மறுபடி ஆடவைத்தாள். ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரம் முழுக்க அவர் வாய் ஓயவில்லை. பாடத்திட்டம், இந்தக் காலத்துப் பிள்ளைகள், ஜெர்லினுடைய மார்க், ஜெர்லினுடைய தலைமுடி. இடையில் ஒரு வார்த்தை சொல்ல ரிஸ்வானா மூன்று தடவை வாயைத் திறந்தாள். மூன்று தடவையும் மூடிக்கொண்டாள்.

சூனியக்காரி வந்தாள்.

"வாளை எடுக்காதீங்க. குறுவாளால ஒரு குத்து."

குத்தினார். சூனியக்காரி வாயைத் திறந்தாள். மந்திரம் வரவில்லை. மூன்று சுற்றுக்கு அவளுக்குப் பேச்சே கிடையாது. அவள் மந்திரத்தில் சுருண்டு கிடந்த அவருடைய கூட்டாளி வீரர்கள் எழுந்தார்கள். அதற்குப் பிறகுதான் பெரிய வாளுக்கு வேலை வந்தது.

வேதமாணிக்கம் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"ஜெயிச்சாச்சு! இப்பவே வீட்டுக்குப் போறேன். முதல்ல அவ மார்க்கைப் பத்திப் பேசணும். அப்புறம் அந்த முடி. ரெண்டு மாசத்துப் பாக்கி அம்புட்டும் இருக்கு. உக்கார வச்சு ஒண்ணுவிடாம..."

"சார்."

"என்னம்மா?"

"இருபத்துமூணு தடவை செத்தீங்களே, இந்தச் சூனியக்காரிகிட்ட உங்களுக்கு என்ன கஷ்டமா இருந்துச்சு?"

"என்ன கஷ்டமா? மூச்சு விடாம மந்திரம் ஓதுதா. நம்ம முறையே வர விட மாட்டேங்கா. நின்னு சாகத்தான் முடியும்!"

"நீங்க பேசும்போது ஜெர்லின் வீட்டுல என்ன சார் பண்ணுது?"

அவர் சொல்ல வாயெடுத்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் படியிறங்கினார்.