காஞ்ச குட்டையும் கையெழுத்துப் போடாத அழுங்கும்

ஒரு காட்டுல செங்கமலம்னு ஒரு அழுங்கு இருந்துச்சு. உடம்பு பூரா செதிலு, நீள மூக்கு, மண்ணத் தோண்ட நல்ல நகம். எறும்பு தின்னு பொழைக்கிற இனம்.

அந்தக் காட்டுல நாவ மரத்தடியில ஒரு காலேஜ் நடந்துச்சு. பாடம், பல்லுயிர் மேலாண்மையும் பாதுகாப்பும். மூணு வருஷப் பட்டம். பட்டம் வாங்கினவங்கதான் காட்டுல எந்த இடத்துல யாரு இருக்காங்கன்னு கணக்கெடுக்கலாம்.

அழுங்கு பகல்ல தூங்கும். காலேஜோ பகல்லதான். மூணு வருஷமா செங்கமலம் தூக்கத்த விட்டுட்டுப் படிச்சுது. அந்த வம்சத்துல காலேஜ் வாசல மிதிச்ச மொத அழுங்கு அதுதான்.

காலேஜுக்குத் தலைவரு கார்மேகம்னு ஒரு மயிலு. ரொம்பப் படிச்சவரு. தோகை மண்ணுல படாம நடக்கறதுலயே அவருக்குப் பாதி நாள் போயிரும்.

கடைசிப் பரிச்சை கணக்கெடுப்பு. ஆளுக்கு ஒரு இடம் குடுப்பாங்க. அங்க இருக்கற உயிரையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடணும். தலைவரும் கையெழுத்துப் போட்டா அது பதிவாயிரும். அது எப்பவும் சித்திரையிலதான் நடக்கும். ஏன்னா அப்பத்தான் எங்கயும் சேறு இருக்காது. அது காலேஜ் வழக்கம்.

செங்கமலத்துக்கு விழுந்தது மேக்கால இருக்கற சின்னக் குட்டை. சித்திரையில அது காஞ்சு பாளம் பாளமா வெடிச்சுக் கெடந்துச்சு.

கூடப் படிச்ச முயல் பழைய நோட்ட நீட்டுச்சு. "உனக்கு யோகம்டி! போன வருஷம் 'உயிர் இல்லை'. அதுக்கு முந்தின வருஷமும் 'உயிர் இல்லை'. நீயும் அதையே எழுதிக் குடுத்துரு!"

"குட்டையப் போய்ப் பாக்க வேணாமா?"

"இந்த வெயில்ல குட்டைய யாரு பாப்பா? மண்டை பொளந்துரும்!"

செங்கமலம் போச்சு. மேல ஒண்ணும் இல்ல. வெடிப்புல மூக்க வெச்சு மோந்துச்சு. உள்ளேருந்து ஈர வாசனை. நகத்தால மெதுவாத் தோண்டுச்சு. ஒரு முழ ஆழத்துல ஒரு தவளை கண்ண மூடிக் குந்தியிருந்துச்சு.

"யாரது? மழை வந்துருச்சா?"

"இல்லண்ணே. கணக்கெடுப்பு."

"ஆளுங்க தூங்கற நேரத்துல என்னம்மா கணக்கெடுப்பு!"

"கோச்சுக்காதீங்க. உள்ள இன்னும் யாரெல்லாம் இருக்காங்க?"

"யாரு இல்ல? பக்கத்துல எம் பொண்டாட்டி. அதுக்குக் கீழ விரால் மீனு ரெண்டு. நண்டுக் குடும்பம் ஒண்ணு. கோடியில ஒரு ஆமை, எங்களுக்கு முன்னாடியே படுத்துருச்சு. நத்தைய நான் எண்ணல, எனக்கு வேற வேலை இருக்கு. மண்ண மூடும்மா, அனல் வருது!"

செங்கமலம் மண்ண மூடுச்சு. இடம் இடமா மோந்து, நாலு நாள் எடுத்து, ரெண்டு பக்கம் எழுதுச்சு.

கார்மேகம் சார் அத வாங்கிப் பாத்தாரு.

"என்னம்மா இது? ரெண்டு வருஷமும் உயிர் இல்லைன்னு நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்!"

"போட்டிருக்கீங்க சார். ஆனா உயிர் இருக்கு சார்."

"கண்ணுக்குத் தெரியாதத கணக்குல சேக்கக் கூடாது!"

"தோண்டினாத் தெரியும் சார். வர்றீங்களா?"

சார் தோகையத் திரும்பிப் பாத்துக்கிட்டாரு. வரல.

"இங்க பாரும்மா. மூணு வருஷம் தொடந்து உயிர் இல்லைன்னு பதிவானா அந்த இடத்தக் காலேஜ் எடுத்துக்கலாம். அது சட்டம். இந்த வருஷம் பட்டமளிப்பு மேடை அங்கதான். நாளைக்கு யானைங்க வந்து மிதிச்சுக் கெட்டியாக்கும். நீ எழுதிக் குடுத்தா மொதப் பட்டம் உனக்கு. இல்லன்னா பட்டமே கெடையாது!"

"மிதிச்சா உள்ள இருக்கறவங்க செத்துருவாங்க சார்."

"இல்லாதவங்க எப்படிம்மா சாவாங்க?"

மூணு வருஷமா விட்ட தூக்கம் செங்கமலத்துக்குக் கண்ணுல எரிஞ்சுது.

"நான் எழுத மாட்டேன் சார்."

"வேற ஆள எழுத வெப்பேன்!"

"வெச்சுக்கோங்க. என் கையி எழுதாது."

முயல் எழுதிக் குடுத்துருச்சு.

மறுநாள் காலையில நாலு யானைங்க வந்துச்சு. முன்னாடி ஆனைமுத்துங்கற பெரிய யானை. பின்னாடி கார்மேகம் சார். குட்டை நடுவுல பாத்தா, செங்கமலம் பந்து மாதிரி சுருண்டு கெடக்கு.

"தள்ளிக்க தங்கச்சி, வேலை இருக்கு."

"நகர மாட்டேண்ணே."

"மிதிச்சுருவேன்மா!"

"மிதிங்க! ஆனா காலேஜ் சட்டத்தப் படிச்சுட்டு மிதிங்க. அழியற நெலமையில இருக்கறவங்க பட்டியல், மொதப் பக்கம், நாலாவது பேரு அழுங்கு. அது இருக்கற இடத்துல யாரும் கால் வெக்கக் கூடாது. கையெழுத்து, கார்மேகம் சார்!"

ஆனைமுத்து தூக்கின காலத் தூக்கினபடியே திரும்புச்சு. "அப்படியா சார்?"

சார் கத்துனாரு. "நீ இங்க குடியிருக்கறவ இல்ல!"

"இன்னிக்குக் காலையிலேருந்து குடியிருக்கேன். எழுதிக்கோங்க, உயிர் ஒண்ணு. நான் மண்ணுக்கு மேலதான் இருக்கேன். தோண்டற செரமம்கூட இல்ல!"

யானைங்க சிரிச்ச சிரிப்புல மரத்துக் குருவியெல்லாம் பறந்துருச்சு. "சார், உங்க கணக்க முடிச்சுட்டுக் கூப்புடுங்க"ன்னு சொல்லிட்டு ஆனைமுத்து ஆத்துக்குக் குளிக்கப் போயிருச்சு.

பட்டமளிப்பு பாறை மேல நடந்துச்சு. மொதப் பட்டம் முயலுக்கு. செங்கமலம் போகல. அது நகந்தா யானைய மறுபடி கூப்புடுவாங்களே! குட்டையோரமா வளை தோண்டிக்கிச்சு. அங்க எறும்பு கொறச்சல், பாதி வயிறுதான் ரொம்பும். வழியில போறவங்க கேலி பண்ணாங்க. "என்ன படிப்பாளி, பட்டம் எங்க?"

"வாங்கல. போய் வேலையப் பாருங்க!"

ஐப்பசியில மழை புடிச்சுது. மூணாம் நாள் குட்டை ரொம்பிருச்சு. தவளைங்க போட்ட சத்தத்துல காலேஜ்ல பாடம் நடத்த முடியல. எல்லாரும் என்னன்னு பாக்க வந்தாங்க. விரால் துள்ளுது, நண்டு ஊருது, ஆமை தலைய நீட்டுது.

"இங்க உயிர் இல்லைன்னு எழுதினது யாரு சார்?"ன்னு மொத வருஷத்துக் கீரி கேட்டுச்சு.

கார்மேகம் சார் செங்கமலத்த ஓரமாக் கூப்பிட்டாரு. "நடந்தது நடந்து போச்சும்மா. இந்தா உன் பட்டம். பழைய பக்கங்களப் பத்தி மட்டும் வாயத் தொறக்காத."

செங்கமலம் பட்டத்தத் தொடல. ஓரமாப் பேசினதுக்கு ஊருக்கே கேக்கற மாதிரி பதில் சொல்லுச்சு. "பேசாம இருக்கறதுக்குப் பட்டமா சார்? அந்தப் பாடத்துல நான் சேரவே இல்ல! பழைய பக்கத்துல 'தப்பு'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. கணக்கெடுப்ப மழைக்காலத்துக்கு மாத்துங்க. அப்பறம் எல்லாரையும் போலப் பரிச்சை எழுதறேன். பாஸானா குடுங்க."

கூட்டத்துலேருந்து முயல் முன்னாடி வந்துச்சு. தன் பட்டத்தக் கொண்டாந்து சார் காலடியில வெச்சுது.

"மொதல்ல என் பக்கத்தத் திருத்துங்க சார். நானும் திரும்பப் பரிச்சை எழுதறேன்."

சார் சுத்திப் பாத்தாரு. ஒருத்தரும் நகரல. சாயங்காலம் வரைக்கும் யோசிச்சாரு. வேற வழி தோணல. நோட்ட விரிச்சு மூணு பக்கத்துலயும் 'தப்பு'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாரு.

பொய்க்குக் கையெழுத்துப் போட்டு வாங்கற பட்டத்த விட, போட மாட்டேன்னு நிக்கற படிப்புதான் பெருசு.